கொதித்த பின் தீ எதற்கு?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அன்னதானம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் நெடுநேரம் சூடாகவே இருக்கிறது. அதையே தொன்னையில் வாங்கினால் சில நிமிடங்களில் ஆறிவிடுகிறது. இது ஏன்?

வெப்பம் பொருளின் வெளிப்பரப்பு வழியாகவே வெளியேறுகிறது. அண்டாவில் சாதத்தின் அளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு குறைவு, தொன்னையில் அதிகம். நம் வீட்டுப் பாத்திரத்தை அண்டாவாக்க முடியாது. ஆனால் வெப்பம் வெளியேறும் வழியை அடைக்க முடியும் அல்லவா?

முதலில் ஒரு சிறு கணக்கு. 1 லிட்டர் நீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 4.2 × 70 = 294 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதிக்கத் தொடங்கிய பின், தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை உயராது. கூடுதல் வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. இதுவே நீங்கள் படித்த உள்ளுறை வெப்பம். 1 கிலோகிராம் நீருக்கு 2,260 கிலோஜூல். எனவே 130 மில்லிலிட்டர் நீர் ஆவியாகிப் போனால், 1 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவிட்ட அளவு வெப்பம் அதனுடன் போய்விடுகிறது!

அரிசி வேகத் தேவைப்படுவது சூடுதான். தளதளவென்ற கொதிப்பு அல்ல. உலகப் போர்க் காலங்களில் பிரிட்டனில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கொதித்த பாத்திரத்தை வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள் மூடிவைத்துச் சமைத்தார்கள். வைக்கோலும் அதனிடையே அடைபட்ட காற்றும் அரிதில் கடத்திகள்.

நம் அண்டை மாநிலத்தில் இக்கருத்தை வீடு வீடாகக் கொண்டு சென்றவர்கள் தொண்டர்கள். 1962-இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கத்தினர், விறகையும் புகையையும் குறைக்கும் அடுப்பைப் பரப்பினார்கள். சூடாறாப்பெட்டி என்னும் வெப்பக்காப்புப் பெட்டியையும் மக்களிடம் கொண்டு சென்றார்கள். 1996-இல் இவ்வியக்கத்துக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது.

இதனால் யாருக்கு நன்மை? முதலில் வீட்டின் செலவு குறையும். விறகு எரிக்கும் வீட்டில், சமைப்பவரின் நுரையீரலுக்குள் செல்லும் புகை குறையும். மூன்றாவது நன்மை உலகம் முழுமைக்கும் உரியது. சமையல் எரிவாயுவில் உள்ள புரொப்பேனை எடுத்துக்கொள்வோம். அதன் 44 கிராம் எரிந்தால் 132 கிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. எடை மூன்று மடங்கு! பியூட்டேனும் ஏறக்குறைய அப்படியே. 14.2 கிலோகிராம் வாயு உள்ள ஒரு சிலிண்டரிலிருந்து சுமார் 43 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. பூமியைச் சூடாக்குவதில் முதன்மையான பங்கு இவ்வாயுவுக்கு உண்டு. ஒரு தெருவில் 50 வீடுகள் ஆண்டுக்கு ஒரு சிலிண்டர் மிச்சப்படுத்தினால், 2 டன்னுக்கு மேல் தவிர்க்கலாம்.

உங்கள் தெருவுக்கு நீங்களே தொண்டர்கள் ஆகலாமே! அறிவுரை சொல்லிப் பயனில்லை, செய்து காட்டுங்கள். ஒரு மூங்கில் கூடையில் வைக்கோலைக் கெட்டியாகப் பரப்புங்கள். அரிசி பத்து நிமிடம் கொதித்ததும், பெரியவர் ஒருவர் பாத்திரத்தை இறுக மூடி இறக்கட்டும். அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தைத் தடித்த துணியால் சுற்றிக் கூடையில் வைத்து, மேலே பழைய துணித் தலையணையால் மூடுங்கள். கூடை அடுப்பருகே இருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். சோறு வெந்திருக்கும். ஆவியாவது குறைவதால் தண்ணீரும் குறைவாகவே வேண்டும். சூடாக இருக்கும்போதே உண்ண வேண்டும். வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் விட்டால் கிருமிகள் பெருகும்.

குக்கர் வைத்திருப்பவர்களுக்கும் பாடம் உண்டு. விசில் என்பது ஆவியோடு வெப்பமும் வெளியேறும் ஓசை. முதல் விசில் வந்ததும் தீயைத் தணிக்கச் சொல்லுங்கள்.

புதிய சிலிண்டர் பொருத்திய தேதியையும் அது தீர்ந்த தேதியையும் ஒவ்வொரு வீட்டிலும் குறித்து வாருங்கள். முன்பு எத்தனை நாள், இப்போது எத்தனை நாள்? ‘இதனால் என்ன மிச்சம்?’ என்று கேட்பவர்களுக்கு அந்தக் குறிப்பேடே விடை சொல்லும்.