மீம்ல பார்த்தவங்க இப்போ ஃபேன்ஸ்... விஜயகாந்த்தை 2கே கிட்ஸ் ஏன் கொண்டாடுறாங்க?

இன்ஸ்டா ரீல்ஸ் பார்க்குற ஆளா நீங்க? அப்போ அந்தப் பாட்டு கண்டிப்பா உங்க காதுல விழுந்திருக்கும். கிரிக்கெட் பேட்டோட ஒருத்தர் கிரவுண்டுக்குள்ள நடந்து வருவார், பின்னாடி இளையராஜா இசையில ஒரு துள்ளல் பாட்டு ஓடும். 2024 செப்டம்பரில் வெளியான 'லப்பர் பந்து' படத்துல 'அட்டகத்தி' தினேஷ் நடிச்ச 'கெத்து' கேரக்டருக்கான என்ட்ரி அது. ஆனா, அந்தப் பாட்டு 1989-ல் வந்த 'பொன்மனச்செல்வன்' படத்தோடது. ஹீரோ, விஜயகாந்த்.

அவர் கடைசியா ஹீரோவா நடிச்ச படம் 'விருதகிரி'. அது வந்தது 2010-ல். இப்போ காலேஜ் படிக்கிற பலர் அப்போ எல்.கே.ஜி, ஒண்ணாங்கிளாஸ். அவர் படத்தைத் தியேட்டர்ல பார்த்த அனுபவமே இல்லாத இவங்க எப்படி அவருக்கு ஃபேன் ஆனாங்க? அதுவும், சில வருஷம் முன்னாடி வரைக்கும் அவரை மீம் டெம்ப்ளேட்டா மட்டுமே பார்த்த அதே சோஷியல் மீடியாவுல?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

ரைஸ் மில் வீட்டுப் பையன்

1952 ஆகஸ்ட் 25-ல் பிறந்தவர் விஜயராஜ். மதுரையில் அப்பாவுக்கு ரைஸ் மில். சினிமா ஆசையில் சென்னைக்கு வந்து 'விஜயகாந்த்' ஆனார். முதல் படம் 1979-ல் வந்த 'இனிக்கும் இளமை'. ஆனா, ஊரே திரும்பிப் பார்த்தது 1981-ல். எஸ்.ஏ.சந்திரசேகர் இயக்கிய 'சட்டம் ஒரு இருட்டறை'தான் அவரை ஹீரோவா நிறுத்துச்சு. ரஜினிகாந்த்தின் முதல் இந்திப் படமான 'அந்தா கானூன்' எதோட ரீமேக்னு நினைக்கிறீங்க? இதேதான்!

அப்போ கமல், ரஜினி ரெண்டு பேரும் உச்சத்துல இருந்த நேரம். கறுப்பு நிறம், மதுரைப் பேச்சு, பெரிய சினிமாக் குடும்பப் பின்னணி கிடையாது. அவர்கூட ஜோடியா நடிக்க சில ஹீரோயின்கள் தயங்கினாங்கன்னு சினிமாக்காரங்க பலரும் பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. அதையெல்லாம் தாண்டித்தான் 1984-ல் ஒரே வருஷத்துல 18 படங்கள் வந்துச்சு. இன்னைக்கு ஒரு பெரிய ஹீரோவுக்கு வருஷத்துக்கு ஒரு படம் வந்தாலே பெரிய விஷயம். மொத்தமா 150 படங்களுக்கு மேல நடிச்சார். எல்லாமே தமிழ்ப் படங்கள்!

பி, சி சென்டர்னு சொல்ற சின்ன ஊர் தியேட்டர்கள்தான் அவரோட கோட்டை. 'வைதேகி காத்திருந்தாள்', 'அம்மன் கோவில் கிழக்காலே', 'சின்னக்கவுண்டர்'னு கிராமத்துப் படங்கள் ஒரு பக்கம். போலீஸ் யூனிஃபார்ம் படங்கள் இன்னொரு பக்கம். சுவத்துல ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலைச் சுழற்றி அடிப்பாரே... அந்த ஃபைட்டுக்குன்னே கூட்டம் போச்சு.

'கேப்டன்' பட்டம் எங்கிருந்து வந்தது?

அரசியலுக்கு வந்த பிறகு வந்த பட்டம்னு நினைக்காதீங்க. சினிமாவுல கிடைச்சதுதான்.

பெரிய ஹீரோக்களின் 100-வது படம் ஓடாதுன்னு அப்போ கோடம்பாக்கத்துல ஒரு சென்டிமென்ட் உண்டு. கமலின் 100-வது படம் 'ராஜபார்வை', ரஜினியின் 100-வது படம் 'ஸ்ரீ ராகவேந்திரர்' ரெண்டுமே எதிர்பார்த்த அளவு ஓடலை. விஜயகாந்த்தின் 100-வது படம் 1991 தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்துச்சு. ஆர்.கே.செல்வமணி இயக்கிய 'கேப்டன் பிரபாகரன்'. காட்டுக்குள்ள கடத்தல்காரனைத் தேடிப் போற வனத்துறை அதிகாரி கதை. படம் செம ஹிட். அன்னைக்கு ஒட்டிக்கிட்ட 'கேப்டன்' கடைசி வரைக்கும் அவரை விட்டுப் போகலை.

இதுல இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. செல்வமணிக்கு அது ரெண்டாவது படம்தான். முதல் படமான 'புலன் விசாரணை'யிலும் விஜயகாந்த்தான் ஹீரோ. 1986-ல் வந்த 'ஊமை விழிகள்' அதுக்கும் முன்னாடி. திரைப்படக் கல்லூரியில் படிச்சவங்க ஒண்ணு சேர்ந்து எடுத்த படம் அது. "சினிமாவைப் படிச்சுட்டு வந்தவங்களுக்குப் படம் எடுக்கத் தெரியாது"ன்னு இண்டஸ்ட்ரி நினைச்ச காலம். அவங்களை நம்பி கால்ஷீட் கொடுத்தார். டூயட் பாடுற ஹீரோவா இல்லாம, நடுத்தர வயசு போலீஸ் அதிகாரியா நடிச்சார். அந்தப் படத்தோட வெற்றி, பின்னாடி வந்த பல ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுச்சு.

விஜய் அறிமுகமான 'நாளைய தீர்ப்பு' சரியா போகாதப்போ, அடுத்த படமான 'செந்தூரப்பாண்டி'யில் அண்ணனா வந்து தோள் கொடுத்தவரும் இவர்தான். சூர்யாவோட ஆரம்ப காலத்துல 'பெரியண்ணா'வில் கூட நடிச்சார். விஜய் நடிச்ச 'தி கோட்' படத்துல ஏஐ மூலமா விஜயகாந்த் முகம் வந்தப்போ தியேட்டர் ஏன் அப்படி அலறுச்சுன்னு இப்போ புரியுதா? 31 வருஷத்துக் கணக்கு அது.

சோத்துத் தட்டுல வித்தியாசம் கூடாது

சரி, நல்ல படங்கள் கொடுத்த ஹீரோக்கள் நிறைய பேர் இருக்காங்க. இவர் மட்டும் ஏன் ஸ்பெஷல்? அவரைப் பத்தி யாரைக் கேட்டாலும் முதல்ல வர்ற வார்த்தை, சாப்பாடு.

ஷூட்டிங் ஸ்பாட்ல அந்தக் காலத்துச் சாப்பாட்டு முறை எப்படின்னா, ஹீரோவுக்கு ஒரு மெனு, டெக்னீஷியனுக்கு ஒரு மெனு, லைட்மேனுக்கு ஒரு பொட்டலம். தன் படங்கள்ல அதை மாத்தினவர் விஜயகாந்த். தனக்கு என்ன பரிமாறுறாங்களோ, அதேதான் கடைசி ஆள் வரைக்கும் போகணும். நண்பர் இப்ராஹிம் ராவுத்தரோட சேர்ந்து அவர் நடத்தின தி.நகர் ஆபீஸ்ல, வாய்ப்பு தேடி வந்த உதவி இயக்குநர்களும் துணை நடிகர்களும் பசியாறின கதைகளை இன்னைக்கும் பேட்டிகள்ல கேட்கலாம். யூடியூப்ல தேடிப் பாருங்க. சொல்றவங்க முகம் மாறும். சிலருக்குக் கண்ணு கலங்கும்.

நடிகர் சங்கத் தலைவரா இருந்தப்போ சங்கம் கடன்ல மூழ்கிக் கிடந்துச்சு. 2002-ல் மொத்த நட்சத்திரங்களையும் மலேசியா, சிங்கப்பூர் கூட்டிட்டுப் போய் கலைநிகழ்ச்சி நடத்தி அந்தக் கடனை அடைச்சார். தன்னோட பிறந்தநாளை 'வறுமை ஒழிப்பு தினம்'னு அறிவிச்சு, ரசிகர் மன்றங்கள் மூலமா தையல் மெஷின், மூன்று சக்கர வண்டி, படிப்புச் செலவுனு உதவிகள் செய்ய வைச்சார்.

இந்த ரசிகர் மன்றங்கள்தான் பின்னாடி கட்சியா மாறுச்சு.

அரசியலும் மீம்ஸும்

2005 செப்டம்பர் 14-ல் மதுரையில் தே.மு.தி.க தொடங்கினார். 2006 தேர்தல்ல யாரோடவும் கூட்டணி இல்லாம நின்னு, விருத்தாசலத்தில் அவர் மட்டும் ஜெயிச்சார். 2011-ல் அ.தி.மு.க கூட்டணியில் 29 இடங்கள். தி.மு.க-வைத் தாண்டி எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். கட்சி ஆரம்பிச்சு ஆறே வருஷம்!

ஆனா, அங்கிருந்து சறுக்கல். எம்.எல்.ஏ-க்கள் சிலர் கட்சி மாறினாங்க. 2016-ல் மக்கள் நலக் கூட்டணியோட முதல்வர் வேட்பாளரா நின்ன அவரே உளுந்தூர்பேட்டையில் தோத்தார். கட்சிக்கு ஒரு இடமும் கிடைக்கலை. பொது இடத்துல கோபப்படுறது, பத்திரிகையாளர்களைப் பார்த்து 'தூ'ன்னு துப்பினதுனு அவர் மேல நியாயமான விமர்சனங்களும் இருந்துச்சு. அதை மறைக்க வேண்டியதில்லை.

பிரச்னை வேற இடத்துல. ஸ்மார்ட்போனும் மீம் பேஜ்களும் வேகமா வளர்ந்த அதே காலத்துலதான் அவர் உடம்பும் மோசமாகிட்டு இருந்துச்சு. பேச்சு தடுமாறும், நடை தளரும், சொல்ல வந்த வார்த்தை வராது. மேடையில் அவர் திணறின ஒவ்வொரு நொடியும் கட் பண்ணப்பட்டு காமெடி வீடியோ ஆச்சு. 'நரசிம்மா'வில் அவரைத் தொட்ட கரன்ட்டுக்கே ஷாக் அடிக்கிற சீனைக் கிண்டல் பண்ணினதுல தப்பே இல்லை. அது சினிமா. ஆனா, ஒரு மனுஷன் நோயில் தடுமாறுறதை வைச்சுச் சிரிச்சது சினிமா விமர்சனமும் இல்லை, அரசியல் விமர்சனமும் இல்லை.

2018 ஆகஸ்ட்டில் கருணாநிதி இறந்தப்போ, சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்த விஜயகாந்த் ஒரு வீடியோ வெளியிட்டார். பேச முடியாம உடைஞ்சு அழுதார். சென்னை திரும்பினதும் ஏர்போர்ட்டிலிருந்து நேரா மெரினா நினைவிடத்துக்குப் போனார். அவர் எவ்வளவு முடியாம இருக்கார்ங்கிறதை நிறைய பேர் முதல்முறையா உணர்ந்தது அப்போதான். அதுக்கப்புறம் பொதுவெளிக்கு அவர் வர்றதே குறைஞ்சுபோச்சு. சர்க்கரை நோயால 2022-ல் கால் விரல்களை அகற்ற வேண்டி வந்துச்சு.

2023 டிசம்பர் 28

அவர் இறந்த செய்தி வந்த நாள். மறுநாள் தீவுத்திடலில் அஞ்சலி, அப்புறம் கோயம்பேடு கட்சி அலுவலகம் வரைக்கும் இறுதி ஊர்வலம், முழு அரசு மரியாதையோட அடக்கம். வழியெல்லாம் மக்கள் கூட்டம். பதவியில் இல்லாத, கட்சிக்கு ஒரு எம்.எல்.ஏ கூட இல்லாத ஒருத்தருக்கு அவ்வளவு கூட்டம் வந்துச்சு. அடுத்த மாசமே பத்மபூஷண் விருது அறிவிப்பு வந்தது.

அந்த ஒரு வாரத்துல போன்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. மீம் பேஜ்கள் டிபி-யைக் கறுப்பாக்குச்சு. சாப்பாட்டுக் கதைகள், உதவிக் கதைகள், பழைய இன்டர்வியூக்கள் வரிசையா வந்துச்சு. டிரோல் வீடியோக்கள் வழியா அவரைத் தெரிஞ்சு வைச்சிருந்த ஒரு தலைமுறை, முழு மனுஷனையும் அந்த வாரத்துலதான் பார்த்துச்சு. கமென்ட்கள்ல அதிகம் தென்பட்ட வார்த்தை, 'ஸாரி கேப்டன்'. 'ரமணா' படத்துல அவருக்குப் பிடிக்காத வார்த்தை எதுன்னு தெரிஞ்சவங்களுக்கு, அந்த 'ஸாரி' இன்னும் கொஞ்சம் வலிச்சிருக்கும்.

ரசிகர்கள் கையில் இருக்கிற மரபு

இப்போ அவரைக் கொண்டாடுறது எப்படி நடக்குது? 2025 ஆகஸ்ட்டில், பிறந்தநாளை ஒட்டி 'கேப்டன் பிரபாகரன்' 4கே தரத்தில் ரீரிலீஸ் ஆச்சு. ஆகஸ்ட் 25, டிசம்பர் 28 ரெண்டு நாளும் கோயம்பேடு நினைவிடத்துல கூட்டம். ரசிகர்கள் அதை 'கேப்டன் கோயில்'னு சொல்றாங்க. அங்கே அன்னதானமும் நடக்குது.

ரீரிலீஸ், கட் அவுட், பாலாபிஷேகம் எல்லா ஸ்டாருக்கும் உண்டு. விஜயகாந்த் விஷயத்துல, ரசிகர் செய்யறதுக்கு வேற ஒண்ணும் இருக்கு. அவர் மாதிரி சண்டை போட முடியாது, அவர் மாதிரி கட்சி நடத்த முடியாது. ஆனா, நாலு பேருக்குச் சோறு போட முடியும். ஊர்ல அஞ்சு பசங்க காசு சேர்த்து, அவர் நினைவுநாளில் 50 பேருக்குச் சாப்பாடு கொடுத்தா, அது அவர் செஞ்சதேதான். படத்தை மட்டும் விட்டுட்டுப் போற நடிகரை நாம பார்க்கலாம், அவ்வளவுதான். ஒரு பழக்கத்தை விட்டுட்டுப் போனவரை நாமளும் தொடர முடியும். அவர் படத்தையே பார்க்காதவங்களும் ஃபேன் ஆகுறதுக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு பாடமும் இதுல இருக்கு. இப்பவும் உங்க வாட்ஸ்அப்புக்கு, உடம்பு சரியில்லாத ஏதோ ஒரு பிரபலம் மெலிஞ்சு, தடுமாறி நிக்கிற வீடியோ வரத்தான் செய்யும். மேல சிரிப்பு எமோஜியும் இருக்கும். ஃபார்வர்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, 'ஸாரி கேப்டன்' கமென்ட்களை ஒருமுறை நினைச்சுக்கோங்க. அந்த ஸாரி எதுவும் அவர் கண்ணுல படலை.

எந்தப் படத்துல ஆரம்பிக்கலாம்?

புதுசா பார்க்கப் போறீங்கன்னா, இந்த வரிசை சரியா இருக்கும்.

ஊமை விழிகள் (1986): நைட் லைட்டை அணைச்சுட்டுப் பாருங்க. தமிழ் த்ரில்லர்களில் இன்னைக்கும் தனி இடம்.

வைதேகி காத்திருந்தாள் (1984): மனசைப் பிழியுற வெள்ளைச்சாமி. இளையராஜா பாட்டுக்காகவே பார்க்கலாம்.

புலன் விசாரணை (1990), கேப்டன் பிரபாகரன் (1991): ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்க. செல்வமணி - விஜயகாந்த் காம்போ.

சின்னக்கவுண்டர் (1992): அம்மா, அப்பாவோட உட்கார்ந்து பாருங்க. பம்பரம் சீன் வரும்போது அவங்க முகத்தையும் கொஞ்சம் கவனிங்க.

ரமணா (2002): ஏ.ஆர்.முருகதாஸ் படம். ஊழலுக்கு எதிரான ஒரு புரொபசரின் கதை. ஹாஸ்பிடல் சீனை ரீல்ஸ்ல துண்டு துண்டா பார்த்திருப்பீங்க. முழுசா பார்த்தா வேற லெவல்.

பார்க்கும்போது வீட்ல யாரும் சாப்பிடாம இருந்தா, முதல்ல அவங்களுக்கு ஒரு தட்டைக் கொடுத்துட்டு பிளே பட்டனை அழுத்துங்க. கேப்டன் படத்தை அப்படிப் பார்க்குறதுதான் முறை.