பாத்திர மெஷினில் பாத்திரம் அடுக்குவது எப்படி? – கடைக்காரர் அறிய வேண்டியவை



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் வண்டியில் சரக்கு ஏற்றுவதைப் பற்றி நம் மலை வியாபாரிகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருக்கக் கூடாது. இடம் விட்டால் வளைவில் சரக்கு ஆடும். எண்ணெய் டின் நசுங்கும். நெருக்கி அடுக்குபவனே கெட்டிக்காரன் என்று அரியூர் நாட்டில் இத்தனை காலம் வியாபாரம் செய்து பழகியவன் நான். அந்தப் பழக்கம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உதவவில்லை. அது பாத்திரம் கழுவும் மெஷின், அதாவது டிஷ்வாஷர்.

மலையில் டிஷ்வாஷரா என்று சிரிக்க வேண்டாம். 2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆள் வராத நேரத்தில் நகரங்களில் இதன் விற்பனை கூடியது. மலைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அறை விட்டுச் சமைத்துப் போடுகிறவர்களும் இப்போது வாங்குகிறார்கள். என் மகனும் அப்படித்தான் ஒன்று வாங்கி வைத்தான். மெஷின் வாங்கியவர் அதற்கான பவுடரும் உப்பும் கேட்டு வருவது நம் மளிகைக் கடைக்குத்தான்.

நான் செய்த தவறு

ஒரு வாடிக்கையாளர் மெஷின் பவுடர் கேட்டு வந்தார். சரக்கு இல்லை. "எல்லாம் ஒன்றுதான், இதைப் போடுங்கள்" என்று கையால் தேய்க்கும் பாத்திர சோப்புத் திரவத்தைக் கொடுத்தேன். மறுநாள் அவர் வீட்டுச் சமையலறைத் தரையெங்கும் நுரை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவருடைய மாத மளிகைச் சீட்டு ஆறு மாதம் வேறு கடைக்குப் போனது. பாட்டில் விலை சொற்பம். நஷ்டம் சொற்பம் அல்ல. அதன் பிறகுதான் இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

மெஷின் வேலை செய்யும் விதம்

இது பாத்திரத்தைத் தேய்ப்பதில்லை. கூடைகளுக்குக் கீழே சுற்றும் கைகள் சூடான தண்ணீரைப் பீய்ச்சுகின்றன. பவுடரில் உள்ள காரமும் என்சைமும் எண்ணெயையும் ஒட்டிய சோற்றையும் கரைக்கின்றன. கையால் தேய்க்கும் சோப்பு நுரைப்பதற்கென்றே செய்தது. மெஷின் பவுடர் நுரைக்காமல் இருப்பதற்கென்றே செய்தது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

தேய்ப்பவர் இல்லாததால் தண்ணீர் எங்கே படுகிறதோ அங்கேதான் சுத்தம். அமெரிக்காவில் ஜோசபின் காக்ரேன் என்ற அம்மையார் 1886-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் தட்டு, கோப்பை ஒவ்வொன்றையும் அளந்து, அந்த அளவுக்குக் கம்பி அறைகள் செய்தார். 1893 சிகாகோ கண்காட்சியில் அந்த மெஷின் வைக்கப்பட்டது. பாத்திரம் நிற்கும் இடமே முதல் வேலை என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

நானோ மூட்டை அடுக்குவது போலக் கிண்ணத்துக்குள் கிண்ணமாகச் செருகி வைத்தேன். திறந்து பார்த்தால் வெளிக்கிண்ணம் பளபளப்பு, உள்ளே சாம்பார். "மாமா, இது லாரி இல்லை, இடம் விட்டு வையுங்க" என்றாள் மருமகள். அவள் சொன்னதே சரி.

அடுக்கும் முறை

1. எச்சிலையும் மிச்சத்தையும் வழித்துப் போட வேண்டும். கறிவேப்பிலை, கடுகு, புளிச்சக்கை, எலும்பு ஆகியவை வடிகட்டியை அடைக்கும். ஆனால் குழாயில் நன்றாகக் கழுவிவிட்டு வைக்கத் தேவையில்லை. அது தண்ணீர் தண்டம்.

2. குழம்புச் சட்டி, குண்டான், சாப்பாட்டுத் தட்டு ஆகியவை கீழ்க்கூடையில். தம்ளர், சிறு கிண்ணம், பிளாஸ்டிக் டப்பா மேல்கூடையில். பிளாஸ்டிக்கைக் கீழே வைத்தால் சூட்டில் நெளியலாம்.

3. அழுக்கான முகம் தண்ணீர் வரும் பக்கம் பார்க்க வேண்டும். வாய் கீழே, சற்றுச் சாய்வாக. நிமிர்த்தி வைத்த பாத்திரத்தில் அழுக்குத் தண்ணீர் தேங்கும்.

4. ஒரு பாத்திரம் மற்றொன்றைத் தொடக் கூடாது. பெரிய தாம்பாளத்தைக் குறுக்கே வைத்தால் மேலே உள்ளவற்றுக்குத் தண்ணீர் போகாது; ஓரமாக நிறுத்த வேண்டும்.

5. கரண்டிகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டாமல் கலந்து வைக்க வேண்டும். கத்தி முனை கீழ்நோக்கி இருக்கட்டும். நீண்ட காம்புக் கரண்டியை மேல்கூடையில் படுக்க வைக்கலாம்.

6. மூடும் முன் சுற்றும் கைகளைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். கரண்டிக் காம்பு தட்டினால் கை நின்றுவிடும். அந்த முறை முழுவதும் வீண்.

பெட்டியில் "12 செட்" என்று போட்டிருப்பது மேல்நாட்டுத் தட்டு, கோப்பைக் கணக்கு. நம் குண்டானும் குக்கரும் வைத்தால் அந்தக் கணக்கு வராது. பல மெஷின்களில் கீழ்க்கூடைக் கம்பிகளை மடக்கலாம். பெரிய பாத்திரம் உட்காரும்.

வைக்கக் கூடாதவை

இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும். அலுமினியம் பவுடரின் காரத்தில் கறுத்துப் போகும். பித்தளை, செம்பு நிறம் மங்கும். மரக்கரண்டி வெடிக்கும். மண்சட்டி சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். எவர்சில்வர் தாராளமாக வைக்கலாம். எவர்சில்வர் குக்கரானால் வாஷரையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் கறை மெஷினில் முழுதும் போகாது; வெயிலில் வைத்தால் வெளுக்கும்.

கடையில் வைக்க வேண்டிய மூன்று சரக்கு

பவுடர் அல்லது மாத்திரை, உப்பு, கடைசி அலசலுக்கான திரவம் ஆகியவை மூன்று தனிச் சரக்குகள். உப்பு பாத்திரத்தைக் கழுவுவதற்கு அல்ல. தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் பிசின் மணிகள் மெஷினுக்குள் உள்ளன. அவற்றைப் புதுப்பிக்கத்தான் உப்பு. சமையல் தூள் உப்பிலும் கல் உப்பிலும் வேறு பொருட்கள் கலந்திருப்பதால் இதற்கு ஆகாது. கண்ணாடித் தம்ளரில் வெள்ளைப் படிவு என்று வாடிக்கையாளர் சொன்னால், உப்பு தீர்ந்ததா, தண்ணீருக்கு ஏற்றபடி மெஷினில் எண் வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். போர் தண்ணீருக்கும் ஊற்றுத் தண்ணீருக்கும் ஒரே எண் வராது. அலசல் திரவம் தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்து ஓடச் செய்கிறது.

நம் மலை ஈரத்தில் பவுடர் கட்டி தட்டும். ஆகவே கொள்முதல் கொஞ்சமாக இருக்கட்டும். பாக்கெட்டைப் பிரித்து உதிரியாக நிறுத்துக் கொடுக்க வேண்டாம். அது காரப் பொருள். குழந்தைகள் வாயில் வைத்தால் ஆபத்து. மாவு, மசாலா அடுக்கிலும் வைக்க வேண்டாம்.

"உங்கள் பவுடர் சரியில்லை" என்று யாராவது வந்தால் உடனே கம்பெனியைக் குறை சொல்லவும் வேண்டாம், பாக்கெட்டை மாற்றித் தரவும் வேண்டாம். "எப்படி அடுக்கினீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் அதில் இருக்கும். இருப்பு இல்லையென்றால் இல்லை என்றே சொல்லி, அடுத்த லோடில் வரவழைத்துக் கொடுங்கள். நான் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி இழந்த வாடிக்கையாளர் ஏழாம் மாதம் திரும்பி வந்தார். மெஷினுக்கான சரியான பவுடரை எடுத்து வைத்து, அடுக்கும் முறையையும் சொல்லி அனுப்பினேன். அவர் மளிகைச் சீட்டு இன்றும் எங்கள் கடையில்தான் இருக்கிறது.