கியர் உள்ளே இருக்கு... மோட்டார் எங்கே?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா கேட்டு சீனியர்களைச் சுற்றி வருகிற மெக்கானிக்கல் மக்களே... பின் சக்கரத்தின் நடுவே குண்டாக ஒரு ஹப், ஹேண்டில்பாரில் 1, 2, 3 என்று ஒரு லீவர், வெளியே ஒரே ஒரு பல்சக்கரம். இப்படி ஒரு சைக்கிள் கையில் கிடைத்தால் விட்டுடாதீங்க. கியர் மொத்தமும் அந்த ஹப்புக்குள்ளேதான் இருக்கு. பேட்டரியும் மோட்டாரும் சேர்த்தால் அசத்தல் வண்டி ரெடி! ஆனால் மோட்டாரை எங்கே மாட்டுவது? மேட்டரே அங்கேதான்.

உள்ளே என்ன நடக்குது?

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1902-ல் பிறந்த கம்பெனி ஸ்டர்மி ஆர்ச்சர். அதன் 'ஏ.டபிள்யூ.' என்கிற மூணு கியர் ஹப் ரொம்பப் பிரபலம். நடுவில் அச்சோடு அசையாமல் நிற்கும் 'சூரியன்', 20 பல். வெளியே வளையம், 60 பல். இரண்டுக்கும் நடுவே சுற்றுவது கோள் சக்கரங்கள். செயின் வளையத்தைச் சுழற்றி, கோள்களின் கூண்டு சக்கரத்தைச் சுழற்றினால் அது முதல் கியர். வேகம் முக்கால் பங்கு. இதையே தலைகீழாகப் போட்டால் மூன்றாவது கியர். வேகம் ஒன்றே கால் பங்குக்கும் மேலே, 1.33. இரண்டாவது கியரில் கோள்கள் சும்மா சுற்றும். பாரம் அவற்றின் மேல் விழாமல், வளையம் வழியாக நேரே சக்கரத்துக்குப் போய்விடும்.

26 இன்ச் சக்கரம், முன்னால் 44 பல், பின்னால் 22 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 60 முறை பெடல் சுற்றினால் மூன்று கியர்களிலும் முறையே சுமார் 11, 15, 20 கி.மீ. வேகம்.

முன்னாலயா, நடுவுலயா?

பின் சக்கர மோட்டார் என்றால் கியர் ஹப்பையே கழற்றி எறியணும். அப்புறம் இந்த சைக்கிளை எடுத்ததற்கே அர்த்தமில்லை! மிச்சம் இரண்டு வழி.

முன் சக்கர ஹப் மோட்டார் ஈஸி. கியருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பின்னால் உங்கள் கால், முன்னால் மோட்டார். ஆனால் ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். கரன்ட்டைக் குடிக்கும், சூடாகும். கியர் அதற்கு உதவாது.

பெடல் அச்சருகே மாட்டும் நடு மோட்டார் அப்படி இல்லை. அதன் சக்தியும் செயின் வழியே கியருக்குள் போகும். ஏற்றம் வந்தால் முதல் கியர். மோட்டார் வேகமாகச் சுற்றும், சக்கரம் மெதுவாக, பலமாக ஏறும். யமஹா 1993-ல் ஜப்பானில் கொண்டுவந்த 'பாஸ்' இந்த வகைதான். முன்னும் பின்னும் குழந்தைகளை உட்காரவைத்து மேடு ஏறுகிற ஜப்பானிய அம்மாக்களின் சைக்கிள்களில் நடு மோட்டாரும் மூணு கியர் ஹப்பும் இன்றைக்கும் சகஜம்.

எவ்வளவு பவர் போதும்?

ஆளும் வண்டியும் சேர்த்து 90 கிலோ. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேடு. 12 கி.மீ. வேகத்தில் ஏற, உயரத்துக்கு மட்டுமே சுமார் 147 வாட். காற்று, டயர் உராய்வு சேர்த்தால் 170-ஐ ஒட்டி வரும். உங்கள் கால் 80 வாட் கொடுத்தால் மீதி 90 மோட்டார் பங்கு. ஆக, 250 வாட்டே தாராளம். '1000 வாட் போடலாம் மச்சி' என்கிற நண்பனை டீ வாங்க அனுப்பிடுங்க!

நம்ம நாட்டு விதியும் அந்த அளவில்தான் நிற்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள் இருக்கணும். தாண்டினால் அது சைக்கிள் இல்லை, மோட்டார் வாகனம். ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் எல்லாம் கேட்கும்.

இங்கேதான் வில்லங்கம்!

* கியர் மாற்றும்போது கால் அழுத்தத்தைத் தளர்த்துவோம். நம் காலுக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாதே! மாற்றுகிற நொடியில் கரன்ட்டைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் கட்டாயம். பிரேக் லீவரில் வரும் கட்-ஆஃப் சுவிட்ச்சும் உதவும்.

* ஏ.டபிள்யூ. ஹப்பில் 2-க்கும் 3-க்கும் நடுவே எதிலும் பிடிக்காத 'நியூட்ரல்' ஒன்று உண்டு. கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லை என்றால் அதில் விழும். மோட்டார் வெறுமனே எகிறி, திடீரென்று கியர் பிடித்தால்... உள்ளே இருக்கும் சின்னப் பற்கள்தான் பலி. முதலில் கேபிள், அப்புறம் மோட்டார்.

* பின்னால் மிதித்தால் பிடிக்கிற கோஸ்டர் பிரேக் ஹப்பா? பல நடு மோட்டார் கிட்களில் பின்மிதி செயினுக்குப் போய்ச் சேராது. பிரேக்கே இருக்காது! வாங்கும் முன் கேளுங்கள்.

* முன் மோட்டார் என்றால் இரும்பு ஃபோர்க், கூடவே 'டார்க் ஆர்ம்'. இல்லாவிட்டால் அச்சே சுழன்று ஃபோர்க்கைப் பிளந்துவிடும். ஓடுகிற வண்டியில் முன் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லணுமா?

* வேகம் 15-லிருந்து 25 ஆனால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 2.8 மடங்கு. பழைய இரும்பு ரிம்மில் மழை நேரத்தில் ரப்பர் கட்டை வழுக்கும். பட்ஜெட்டில் முதல் செலவு பிரேக்குக்கு இருக்கட்டும்.

முடிவா என்ன சொல்றீங்க என்கிறீர்களா? உங்க ஊர் சமதரை என்றால் முன் மோட்டார். கியர் ஹப் காலத்துக்கும் உழைக்கும். மேடும் பள்ளமும் என்றால் நடு மோட்டார், அளவான பவர், கட்-ஆஃப் சுவிட்ச். வைவாவில் 'ஏன் இங்கே மாட்டினாய்?' என்று கேட்டால் சூரியன், கோள், வளையம் என்று வரைந்து காட்டுங்கள். எக்ஸ்டர்னல் தலையாட்டலை!