கையால் இறால் தேடும் பெண்களும் காக்கா ஆழியும்

பதுளைத் தோட்டங்களின் பீலிகளில் வழியும் தண்ணீர் பதுளு ஓயாவில் இறங்கி, துன்ஹிந்தவில் அருவியாக விழுந்து, மகாவலியோடு கலந்து, கொட்டியாரக் குடாவில் கடலைச் சேருகிறது. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் மூதூர்க் கரையில் மட்டி பொறுக்கும் பெண்ணும் ஒரே ஆற்றின் இரு முனைகளில்தான் வாழ்கிறார்கள். ஆற்றுக்கு வரும் கேடு பெண்ணின் பிழைப்பை எப்படித் தொடும் என்பதைத் தமிழ்நாட்டின் எண்ணூரில் பார்க்கலாம்.

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலையாறு கடலோடு சேரும் இடம் எண்ணூர். அங்கும் பழவேற்காட்டு ஏரியிலும் இருளர் பெண்கள் தண்ணீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். படகு இல்லை. கையும் ஓலைப் பறியும்தான் அவர்களது முதல்.

அந்தச் சேற்றின் மேல் ஒரு சிறிய கருஞ்சிப்பி பாய் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது. மீனவர்கள் இதனைக் "காக்கா ஆழி" என்கிறார்கள். தென், மத்திய அமெரிக்கக் கரைகளுக்குரிய இச்சிப்பி, கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவந்து வெளியேற்றும் நீரோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நார் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடிநிலத்தை மூடிவிடுவதால், இறால் சேற்றில் புதைந்து மேய முடிவதில்லை. அங்கு வாழ்ந்த மஞ்சள் மட்டியும் அருகுகிறது. மீனவர்களின் முறைப்பாட்டைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விசாரணைக்கு எடுத்தது.

இது எமக்கும் புதிய பாடமன்று. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நீர்நிலைகளை மூடியதால், இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகத் தனிச் சட்டம் வந்தது. 1939இல் கொண்டுவரப்பட்ட சல்வீனியா வயல்களையும் வாய்க்கால்களையும் அடைத்தது. நன்னீரிலும் இவ்வாறான சிப்பியுண்டு. ஆசியாவின் கோர்பிகுலா என்ற சிறுமட்டி வட அமெரிக்க ஆறுகளில் பரவி, 1980இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஓர் அணுமின் நிலையத்தின் குளிர்நீர் வழிகளை அடைத்தது. தன்னந்தனியாகவே கருவுறக்கூடியதால், ஒன்று போய்ச் சேர்ந்தாலும் பெருகிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

மீன் தொட்டியில் வளர்த்த மீன், நத்தை, செடி எதையும் ஓயாவிலோ குளத்திலோ விடக்கூடாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். முன்பு காணாத சிப்பியோ செடியோ பரவக் கண்டால் மாதர் சங்கத்தின் மூலம் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இன்னுமொன்று. போரின் பின்னர் நிவாரணப் பதிவுகளில் படகும் வலையும் எண்ணப்பட்டன. கையால் மட்டி பொறுக்கியவளின் தொழில் பல இடங்களில் எழுதப்படவேயில்லை. பதிவில் இல்லாத தொழில் அழிந்தால் அந்த இழப்பும் கணக்கில் வராது. ஆகவே சகோதரிகளே, உங்கள் தொழிலையும், அதைச் செய்யும் இடத்தையும், நாளாந்த வருமானத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, சங்கப் பதிவேட்டிலும் சேர்த்து வையுங்கள்.