சேற்றிலே வழுக்காத சில்லு

வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் மலைநாட்டுத் தோட்டப் பாதைகள் பாதைகளாக இருப்பதில்லை. மேட்டிலிருந்து இறங்கும் நீர் வண்டித் தடத்தையே வாய்க்காலாக்கி ஓடும். வளைவுகளிலே மண் குழைந்து, குயவன் பிசைந்து வைத்த களிமண் போலாகிவிடும். ஒரு மார்கழி விடுமுறையில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே, எமது தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தோம். க.பொ.த. சாதாரண தரம் பயிலும் அவர் மகன், மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் வருகையில், அத்தகைய வளைவொன்றிலே முன்சில்லு வழுக்கி விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வலப்பக்கம் ஆழமான பள்ளம். பையன் இடப்பக்கம் விழுந்தபடியால் அதோடு போயிற்று.

“தம்பி, அந்தச் சைக்கிளை விற்றுவிடு” என்றார் தமக்கையார். “இன்னும் பருத்த ரயர் போட்டால் சரியாகிவிடும், மாமா” என்றான் பையன்.

சைக்கிளை விற்பதென்றால் மாலை வகுப்பையும் விட்டுவிட வேண்டியதுதான். ஆறு மணிக்குமேல் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பரீட்சைக்கோ பன்னிரண்டு மாதந்தான் இருந்தது. ஆதலால் பையன் சொன்ன வைத்தியத்தையாவது ஆராய்வோமென்று சைக்கிளின் அருகே சென்று குனிந்து பார்த்தோம். ரயர் ஏற்கெனவே 2.35 அங்குல அகலம். அதன் மேலிருந்த றப்பர்க் குமிழ்கள் குட்டையாயும் நெருக்கமாயும் இருந்தன. இடைவெளி முழுவதையும் சேறு அடைத்து, சாணமிட்டு மெழுகிய திண்ணைபோல ரயர் மழமழவென்றிருந்தது. பையன் விழுந்தது மண்மேல் றப்பர் வழுக்கியதாலன்று. மண்மேல் மண் வழுக்கியதால்.

மலைச் சைக்கிள் பிறந்த இடத்தில் இந்தத் தொல்லை குறைவு. 1970களிலே கலிபோர்ணியாவின் தமல்பைஸ் மலைப்பகுதியில் இளைஞர் சிலர் பருத்த ரயர் கொண்ட பழைய சைக்கிள்களை மேலே கொண்டுபோய்ப் புழுதி பறக்க இறங்கி விளையாடினர். 1976இல் ஒரு பாதையிலே பந்தயமும் தொடங்கிற்று. இறங்கி முடிவதற்குள் பின்சில்லின் குடத்துப் பிறேக் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடுமாம். ஒவ்வொரு முறையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தமையால் அப்பாதைக்கு ‘றீபாக்’, அதாவது ‘திரும்ப அடைத்தல்’, என்றே பெயராயிற்று. கோடை முழுவதும் மழையறியாத அந்த மண்ணுக்குப் பருத்த ரயர் பொருந்தியது. நமது மழைக்கால மண் வேறு.

சேற்றிலே குமிழின் வேலை இரண்டு. சில்லு கீழே வரும்போது மண்ணுக்குள் ஊன்ற வேண்டும். மேலே எழும்போது அள்ளிய மண்ணை உதற வேண்டும். முதலாவதற்குக் குமிழ் உயரமாக இருத்தல் வேண்டும். இரண்டாவதற்குக் குமிழுக்கும் குமிழுக்கும் இடையே தாராளமான வெளி வேண்டும். அகலமோ பெரும்பாலும் எதிரி. ஒடுங்கிய ரயர் மேற்சேற்றைக் கிழித்து அடியிலுள்ள இறுகிய நிலத்தைத் தொடும். பருத்தது மேலே மிதந்து வழுக்கும். அன்றியும், பருத்த ரயருக்கும் சில்லைத் தாங்கும் கவைக்கும் இடையே சேறு இறுகிச் சில்லையே நிறுத்திவிடுவதுண்டு. அவ்விடத்தில் சுண்டுவிரலாவது நுழையவேண்டும்.

அப்படியானால் உள்ளதிலே உயரமான குமிழுடைய ரயரை வாங்கிவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஈரம் என்பது ஒன்றன்று. நனைந்த தார் வீதி, பாசி படர்ந்த பாறை, குறுக்கே கிடக்கும் மரவேர் ஆகியவற்றிலே ஊன்றுவதற்கு மண் இல்லை. உயர்ந்த மெல்லிய குமிழ் அங்கே வளைந்து நழுவும். அவ்விடத்தில் காப்பது றப்பரின் மென்மை. றப்பரின் கடினத்தை ஷோர் என்னும் அளவால் குறிப்பர். 60 அளவுள்ளது கடினம், நெடுநாள் உழைக்கும்; 45க்கு அண்மையானது மென்மை, ஈரக்கல்லைப் பற்றும், ஆனால் விரைவிலே தேயும். கைப்பணத்தையும் கை எலும்பையும் ஒருங்கே காக்கும் றப்பரை நாம் இன்னும் கண்டதில்லை.

பையனுடைய வழி இரண்டு மைல் தார் வீதி, ஒரு மைல் மண்பாதை. தனிச் சேற்று ரயர் அதற்கு ஒவ்வாது. பந்தயக்காரர்கள் இத்தகைய கலப்புப் பாதைகளுக்காகச் சேற்று ரயரின் நெடிய குமிழ்களைக் கத்தரித்துக் குட்டையாக்குவதுண்டு. நாம் அவ்வளவுக்குப் போகாமல், 2.1 அங்குல அகலத்தில், நடுத்தர உயரமும் நல்ல இடைவெளியும் மென்றப்பரும் உடைய ஒன்றைத் தேடி எடுத்தோம். சில்லு 26 அங்குலமாதலால் ரயரின் பக்கத்தில் எழுதியுள்ள முதலெண்ணும் 26ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். 27.5, 29 என வருபவை அதிலே ஏறமாட்டா.

கடைக்காரர் இரண்டு சில்லுக்கும் மாற்றியே தீரவேண்டுமென்றார். நாம் ஒன்றே வாங்கினோம். அதை முன்சில்லில் பூட்டுவித்தோம். பின்சில்லு வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கப் பெரும்பாலும் நேரமிருக்கும். முன்சில்லு வழுக்கினால் அதற்கு நேரமில்லை. ரயரின் பக்கத்திலுள்ள அம்புக்குறி சில்லு உருளும் திசையைக் காட்டுகிறதா என்பதையும் பூட்டும்போதே பார்த்தல் நன்று.

கடைப்பையன் வழக்கம்போலக் கல்லாகும்வரை காற்றடித்துவிட்டான். அளந்தபோது சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல்! புது ரயருக்குக் கொடுத்த காசில் பாதி அந்தக் காற்றிலே வீண்போயிருக்கும். ரயர் சற்றே அமுங்கினால்தான் குமிழ்கள் பல ஒருங்கே நிலத்தைத் தொடும். ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பையனுக்கு முன்னே 28, பின்னே 32 என இறக்கினோம். இதற்கும் மிகத் தாழ்த்தினால், கல்லில் மோதும்போது சில்லின் விளிம்பு ரியூப்பை நசுக்கி அருகருகே இரண்டு துளை போட்டுவிடும்.

கை கட்டவிழ்த்து, மழையும் ஓய்ந்தபின் பையன் மீண்டும் சைக்கிளில் ஏறினான். அடுத்த ஐப்பசியிலே நாம் போனபோது, அதே வளைவில் அவனுடைய சில்லுத் தடம் குமிழ் குமிழாக, ஒவ்வொன்றும் தனித்தனியே பதிந்திருக்கக் கண்டோம். ரயர் மண்ணை உதறுகிறது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் தேவையில்லை.

பையனுக்கு ஒரு குறை. கடினமான தரையில் புது ரயர் வண்டுபோல இரைகிறதாம், மிதிக்கவும் பாரமாம். தமக்கையாருக்கோ அந்த இரைச்சல் பிடித்துவிட்டது. வளைவைத் தாண்டி வீட்டுக்கு வரும் கொங்கிறீட் பாதையில் அவன் ஏறியதும் அடுப்படியிலிருந்தே கேட்குமாம்.