ஒன்பதரை மணி சாரதா

நடிகை ராதிகாவை என் அம்மா பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. "சித்தி வந்துட்டாளா?" என்றுதான் கேட்பாள். 1999 கடைசியில் சன் டிவியில் தொடங்கி 2001 வரை இரவு ஒன்பதரை மணிக்கு ஓடிய ‘சித்தி’ தொடரில் அவர் சாரதா. சிவகுமார் நடித்த பாத்திரத்துக்கு இரண்டாம் மனைவி. மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று பார்த்துப் பழகிய நமக்கு, குழந்தையைக் காப்பாற்றப் போராடும் சித்தி புதுசு. இயக்கம் சி.ஜே. பாஸ்கர்.

அதற்குள் ராதிகா இருபது வருஷ சினிமாக்காரி. நடிகர் எம்.ஆர். ராதாவின் மகள். 1978-ல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ பாஞ்சாலியாக வந்தவர். கதாநாயகி வாய்ப்பு குறையும் வயதில் பலர் அக்கா, அம்மா வேஷத்துக்கு ஒதுங்க, இவர் முதலாளியானார். அவருடைய ராடான் நிறுவனமே தொடர்களைத் தயாரித்தது. அன்றைய ஏற்பாட்டில் தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி அரைமணி நேரத்தை வாங்க வேண்டும். விளம்பரமும் அவரே பிடிக்க வேண்டும். தொடர் படுத்தால் நஷ்டம் அவர் தலையில். கண்ணீர்க் காட்சிகளைக் கேலி செய்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

பிறகு ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’. 2013-ல் தொடங்கிய ‘வாணி ராணி’யில் வக்கீல் வாணி, குடும்பத்தலைவி ராணி என இரட்டை வேடம், ஏறக்குறைய ஆறு வருஷம் ஓடியது. இழுவைதான், மறுக்கவில்லை. ஆனால் வாணி முறைத்தால் ஒரு மாதிரி, ராணி முறைத்தால் வேறு மாதிரி. புடவையை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் காட்டினாலும் யார் என்று அம்மா சொல்லிவிடுவாள்.