மீன்தொட்டி நீர்

மீன்தொட்டி நீர் என்பது வளர்ப்பு மீன்கள், நீராமைகள் முதலிய உயிரினங்கள் வாழ்வதற்காகத் தொட்டிகளில் நிரப்பப்படும் நீரைக் குறிக்கும். மனிதர் குடிப்பதற்கு ஏற்ற நீர் மீன்களுக்கும் ஏற்றது என்று கொள்ள இயலாது. மனிதர் அருந்தும் நீரிலுள்ள சிறிதளவு குளோரின், குருதியைச் சென்றடையுமுன் உணவுப்பாதையிலேயே வேதிமாற்றம் அடைந்துவிடுகிறது. மீனின் செவுள்களிலோ நீரையும் குருதியையும் மிக மெல்லிய படலம் ஒன்றே பிரிக்கின்றது. ஆகவே நீரில் கரைந்துள்ள பொருட்கள் மீனை நேரடியாகத் தாக்குகின்றன.

வரலாறு

இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒரே கலத்தில் வளர்த்துத் தாம் கண்ட முடிவுகளை 1850 இல் வெளியிட்டார். தாவரம் வெளியிடும் ஆக்சிசன் மீன்களுக்குப் பயன்பட்டது. அழுகும் இலைகளால் நீர் கெட்டபோது, அவற்றை உண்ணும் நத்தைகளைச் சேர்த்து அவர் அக்குறையைப் போக்கினார். 1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது.

1908 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜெர்சி நகரில் குடிநீருடன் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்கும் முறை தொடங்கியது. பின்னர் உலகெங்கும் பரவிய இம்முறை, நீரால் பரவும் நச்சுக் காய்ச்சல், வாந்திபேதி ஆகியவற்றை வெகுவாகக் குறைத்தது. அதே வேளையில், குழாய் நீரை அப்படியே தொட்டியில் ஊற்ற இயலாத நிலையும் ஏற்பட்டது.

குளோரினும் குளோரமைனும்

இந்தியக் குடிநீர்த் தரநிலையின்படி, குளோரினேற்றம் செய்யப்பட்ட நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். நன்னீர் உயிரினங்களைக் காப்பதற்காக ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984 இல் வகுத்த அளவுகோலோ, குறுகிய கால வெளிப்பாட்டுக்கு 0.019 மில்லிகிராமும் நீண்டகால வெளிப்பாட்டுக்கு 0.011 மில்லிகிராமும் ஆகும். அதாவது, மனிதருக்குப் பாதுகாப்பளிக்கும் மிகக் குறைந்த அளவே மீன்களுக்கான வரம்பைப் போல் பத்து மடங்கு உள்ளது.

குளோரின் எளிதில் ஆவியாகக் கூடியது. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாலோ, காற்றுக் குமிழிகளைச் செலுத்தினாலோ பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆனால் சில நகரங்களில் குளோரினுடன் அமோனியாவும் சேர்க்கப்படுகிறது. இதனால் உண்டாகும் குளோரமைன் நீண்ட குழாய்களிலும் நிலைத்து நிற்கும் தன்மையுடையது. நீரை ஓரிரு நாட்கள் திறந்து வைப்பதால் அது நீங்குவதில்லை. எனவே தம் ஊரில் பயன்படும் பொருள் எது என்பதை நீர் வழங்கும் அமைப்பிடம் கேட்டறிதல் நன்று.

ஒளிப்படத் தொழிலில் ‘ஹைப்போ’ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டு குளோரினை உடனடியாகச் செயலிழக்கச் செய்யும். குளோரமைனை அது சிதைக்கும்போது நச்சுத்தன்மையுள்ள அமோனியா எஞ்சுகிறது. ஆகையால் அத்தகைய நீருக்கு அமோனியாவையும் கட்டுப்படுத்தும் நீர்ச்சீராக்கி தேவை. சிறுநீரக நோயாளிகளின் குருதித் தூய்மிப்புக்குப் பயன்படும் நீரிலிருந்தும் குளோரமைனை நீக்குவது கட்டாயமாகும். அங்கும் நீருக்கும் குருதிக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்றே உள்ளது.

அமோனியாவும் நைட்ரசன் சுழற்சியும்

மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. இதன் நச்சுத்தன்மை பிஎச் அளவைப் பொறுத்தது. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், மொத்த அமோனியாவில் நச்சு வடிவம் பிஎச் 7 இல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பிஎச் 8 இல் சுமார் 5 விழுக்காடு. பிஎச் 9 இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

வடிகட்டியிலும் சரளைக் கற்களிலும் வாழும் நுண்ணுயிரிகள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிரிகள் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். புதிய தொட்டியில் முதல் நாளே பல மீன்களை விடும்போது, தெளிந்த நீரிலும் அவை இறப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். நைட்ரைட்டு, குருதியின் ஆக்சிசன் ஏந்தும் திறனைக் குறைப்பதால் மீன்கள் மூச்சுத்திணறுகின்றன.

பிற நீர்மூலங்கள்

* கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும்: இவற்றில் குளோரின் பெரும்பாலும் இராது. ஆயினும் ஆக்சிசன் குறைந்தும், கரியமில வாயு மிகுந்தும் இருக்கலாம். ஒரு நாள் காற்றூட்டிய பின் பயன்படுத்துதல் நன்று. இரும்பு, உப்பு ஆகியவற்றின் அளவையும் அறிதல் வேண்டும்.
* மழைநீர்: இது மென்னீர் ஆகும். கூரையின் தூசியும் உலோகமும் கலக்க வாய்ப்புண்டு.
* காய்ச்சி வடித்த நீரும் எதிர்ச் சவ்வூடுபரவல் நீரும்: இவற்றில் கனிமங்கள் ஏறக்குறைய இல்லை. இதனால் பிஎச் நிலையற்றதாகிறது. தேவையான உப்புகளைச் சேர்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

எந்நீர் சிறந்தது என்பது இனத்தையும் பொறுத்தது. அமேசான் படுகையின் நியான் டெட்ரா மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரிலும், ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியின் சிக்லிட் மீன்கள் கடினமான காரநீரிலும் வாழ்பவை.

ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும்

ஆமைகளும் பாம்புகளும் நுரையீரலால் மூச்சுவிடுவதால், குடிநீரிலுள்ள குளோரின் அவற்றை மீன்களைப் போல் பாதிப்பதில்லை. நீராமைகள் தாம் குடிக்கும் நீரிலேயே கழிவையும் வெளியேற்றுவதால், வடிகட்டலும் அடிக்கடி நீர் மாற்றலும் அவற்றுக்கு இன்றியமையாதவை. பச்சோந்திகள் பெரும்பாலும் இலைகளின் மேலுள்ள நீர்த்துளிகளையே குடிக்கின்றன. கிண்ணத்து நீரைக் கவனியாமல் விடாய்த்துப் போகலாம். தவளைகளின் தோல் நீரை உறிஞ்சுவதால், அவற்றுக்கு மீன்களுக்குரிய அதே கவனம் தேவை.

ஆமைத் தொட்டி நீரில் சால்மோனெல்லா நுண்ணுயிரி இருக்கக்கூடும். சிறுவரிடையே பரவிய நோய்த்தொற்றுகளின் காரணமாக, 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுடைய ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை ஐக்கிய அமெரிக்கா 1975 இல் தடை செய்தது. தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதிருப்பதும், பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் வேண்டும்.

நீர் மாற்றுதல்

முழு நீரையும் ஒரே தடவையில் மாற்றாமல், வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு வரை மாற்றுவது வழக்கம். புதிய நீரின் வெப்பநிலை தொட்டி நீருடன் ஒத்திருத்தல் வேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் பயனுள்ள நுண்ணுயிரிகளை அழித்துவிடும். எனவே தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலசுதல் வேண்டும்.